வல்லை வெளிக்குப் பக்கத்தில் உள்ள ரயர்க் கடை: வெயிலை அளந்து வேலை செய்யும் ஓர் இடம்

யாழ்ப்பாணத்துப் பருத்தித்துறை வீதியில் தினமும் ஓடுகிறவர்கள் இந்தக் கடையைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆவரங்கால் தாண்டி வல்லைப் பக்கம் போகும்போது, வீடுகள் குறைந்து வெளி தொடங்குவதற்குச் சற்று முன்னர் ஒரு பெரிய வேம்பு நிற்கும். அதன் கீழே கிடுகு வேய்ந்த கொட்டில், முன்னால் வெள்ளைப் பெயின்ற் அடித்த பழைய லொறி ரயர் ஒன்று. பெயர்ப் பலகை கிடையாது, அந்த வெள்ளை ரயர்தான் அடையாளம். ஒட்டுப் போட, காற்று அடிக்க, ரியூப் மாற்ற, பழைய ரயர் இன்னும் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நேர்மையாகச் சொல்ல இதைவிட நல்ல இடம் இந்த வழியில் எனக்குத் தெரியாது.

நான் புவியியல் படிப்பிக்கிறேன். வீடு கோப்பாய், பள்ளிக்கூடம் நெல்லியடிப் பக்கம், ஒன்பது வருடமாக ஸ்கூட்டியில்தான் போய் வருகிறேன். வல்லை வெளியைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மாரியில் இரண்டு பக்கமும் தண்ணீர், கோடையில் உப்புப் பூத்து வெளுத்த தரை, சோளகம் வீசும் நாளில் ஸ்கூட்டியைப் பக்கவாட்டில் தள்ளும் காற்று. நிழல் என்று ஒன்றும் இல்லை. மத்தியானம் இரண்டு மணிக்கு அதைக் கடப்பதென்றால் அடுப்புக் கல்லுக்கு மேலால் போவது மாதிரி.

மே மாதம், காண்டாவனம் என்கிற கடும் வெயில் நாட்கள். பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், வெளிக்கு நடுவில் பின்சில்லு ‘டப்’ என்று வெடித்து ஸ்கூட்டி ஆடத் தொடங்கியது. விழவில்லை, பிள்ளையார் காப்பாற்றினார். ஓரமாக நிறுத்திப் பக்கத் தாங்கியை இறக்கினேன். கைப்பையை எடுத்துத் திரும்புவதற்குள் ஸ்கூட்டி மெல்ல மெல்லச் சரிகிறது. என்ன என்று குனிந்து பார்த்தால் தாங்கியின் கால் தாருக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. கைவிரல் நகத்தளவு ஆழம், சுற்றிவரத் தார் பிதுங்கி, களிமண்ணில் குச்சி குத்தியது போல. பிடித்து நிமிர்த்தித் தள்ளத் தொடங்கினேன். ஒவ்வொரு அடிக்கும் செருப்பு ஒட்டிப் பிரிகிற சத்தம். வகுப்பில் ‘கரிய பரப்புகள் வெப்பத்தை அதிகம் உறிஞ்சும்’ என்று எத்தனை தரம் சொல்லியிருப்பேன், அன்றைக்குத்தான் அதைக் காலால் படித்தேன்.

தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தபோது கடைக்கார ஐயா முதலில் ஸ்கூட்டியைப் பார்க்கவே இல்லை. மண்பானையிலிருந்து ஒரு பேணி தண்ணீர் மொண்டு தந்து, வாங்கில் இருக்கச் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகுதான் சில்லைத் தொட்டார்.

“பிள்ளை, காத்து எப்ப அடிச்சனீர்?”

“நேற்று மத்தியானம் ஐயா, வாற வழியிலை.”

“ஓடி வந்த சூட்டோடையோ?”

“ஓம்.”

“அதுதான். சூட்டோடை அளந்தால் அளவு பொய் சொல்லும்.”

இதைத்தான் இத்தனை வருடமும் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. ரயர் ஓடிச் சூடேறினால் உள்ளே இருக்கும் காற்று விரிந்து அழுத்தம் கூடும், 10 பாகை செல்சியஸுக்கு ஏறக்குறைய ஒன்றரை முதல் 2 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) என்று கணக்கு. அந்த நேரத்தில் புத்தகத்தில் போட்டிருக்கும் அளவுக்கு அடித்தால், ஆறினபிறகு அளவு குறைந்துவிடும். குறைந்த காற்றோடு ஓடும் ரயர் ஒவ்வொரு சுற்றிலும் நசுங்கி நசுங்கி நிமிரும், அந்த நசுங்கலே அதைச் சூடாக்கும், கீழே வீதியின் சூடும் சேரும், பழைய ஒட்டு இளகும், பிறகு வெடிப்புத்தான். அதற்காகச் சூடான ரயரிலிருந்து காற்றைத் திறந்துவிடுவதும் பிழை என்றார், அதுவும் கடைசியில் காற்றுக் குறைவில்தான் கொண்டுபோய் விடும். காலையில் வாகனம் எடுக்க முன்னர், ரயர் குளிர்ந்திருக்கும்போது அளக்க வேண்டும். அவ்வளவுதான்.

வேலையைப் பற்றிச் சொல்கிறேன். சில்லைக் கழற்றி உடனே ஒட்டவில்லை. நிழலில், நிலத்தில் விரித்த ஈரச் சாக்கின் மேல் வைத்துவிட்டு, “அரை மணித்தியாலம் கிடக்கட்டும்” என்றார். எனக்கு வீட்டுக்குப் போகும் அவசரம், பசி வேறு. ஆனால் அவர் அசையவில்லை. ரியூப்பைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்த்து, பழைய ஒட்டின் ஓரம் விட்டுப் போயிருந்ததைக் காட்டி, இதன் மேல் இன்னொன்று போட்டால் ஒரு கிழமைக்குத்தான் காணும் என்று சொல்லிப் புது ரியூப் போடச் சொன்னார். ரயரின் உள்பக்கம் விரல் விட்டு ஓர் அங்குலம் விடாமல் தடவிப் பார்த்தார், ஒரு மெல்லிய கம்பித் துண்டு இருந்தது, எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். ரியூப்பின் விலையும் கைக்கூலியும் தவிர ஒரு சதமும் கூட எடுக்கவில்லை. வேறு இடமென்றால் ரயரையும் மாற்றச் சொல்லியிருப்பார்கள், இவர் “இது இன்னும் ஒரு மாரி தாங்கும்” என்றார்.

அந்த அரை மணித்தியாலத்தில் நடந்த கதைதான் இதை எழுத வைத்தது.

கொட்டிலின் கப்பில் துப்பாக்கி மாதிரி ஒரு வெப்பமானி தொங்கியது. கனடாவில் இருக்கும் மகன் அனுப்பியதாம், தொடாமலே சூடு காட்டும். ரயர் சூட்டைப் பார்க்கத்தான் வாங்கினார், ஆனால் இப்போது அவர் அதைக் கொண்டு வீதியை அளக்கிறார். என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். வேம்பின் நிழல் விழுந்த இடத்தில் தாரை நோக்கிப் பிடித்தார்: 39. பத்துப் பதினைந்து அடி தள்ளி வெயிலில் பிடித்தார்: 61. ஒரே வீதி, ஒரே தார், ஒரே நேரம். நான் நம்பாமல் கருவியை வாங்கி நானே இரண்டு தரம் பிடித்துப் பார்த்தேன். கொட்டிலின் கிடுகுக் கூரைக்கு அடியிலும் பார்த்தேன், பக்கத்தில் கிடந்த தகரத் துண்டிலும் பார்த்தேன், கிடுகு வேய்ந்ததற்குக் காரணம் அவர் சொல்லாமலே விளங்கியது.

61 என்பது சின்ன விஷயம் இல்லை. வீதிக்குப் போடும் 60/70 என்ற தரத் தார் 49 முதல் 56 பாகைக்குள் இளகத் தொடங்கிவிடும் என்பது அதன் தரக் கணக்கிலேயே உள்ளது. கல்லும் மணலும் கலந்து இறுக்கியிருப்பதால் வீதி உடனே ஓடிவிடாது, ஆனால் கல்லைப் பிடித்து வைத்திருக்கும் பசை தளர்ந்துபோகும். புதுக் காபெட் வீதி வெயிலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உறிஞ்சும், கறுப்பாகவும் அழகாகவும் இருக்கும் அந்த முதல் வருடங்களில்தான் அது அதிகம் சூடாகிறது. சித்திரை வருடப்பிறப்பை ஒட்டிச் சூரியன் யாழ்ப்பாணத்துக்கு நேர் உச்சியில் வருகிறது, ஆவணியில் திரும்பவும் ஒரு தரம். வெயில் எந்தக் கிழமையில் எங்கள் தலைக்கு மேல் நிற்கும் என்பது பஞ்சாங்கத்துக்கும் தெரியும், பாடப் புத்தகத்துக்கும் தெரியும். வீதி போடுகிற கணக்குக்கும் அது தெரிந்திருக்க வேண்டும்.

ஐயா காட்டிய இன்னொரு விஷயம். அடுத்த முறை பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் குனிந்து வீதியின் மட்டத்தில் பாருங்கள். பஸ் பிரேக் பிடித்து நிற்கும் இடத்தில் இரண்டு தடம் வாய்க்கால் மாதிரித் தாழ்ந்திருக்கும், அதன் ஓரம் தார் திரைந்து மேலே எழும்பியிருக்கும். சந்திகளிலும் அப்படித்தான். வேகமாக ஓடும் பாரம் இளகின தாரை அவ்வளவு அமுக்காது, நின்று கிடக்கும் பாரமும் மெதுவாக உருளும் பாரமும்தான் அமுக்கும். மணல் ஏற்றிய ரிப்பர் ஒன்று மத்தியானத்தில் சந்தியில் நின்று புறப்பட்டால் போதும். பிறகு மாரியில் அந்தத் தடத்தில் தண்ணீர் தேங்கும், தண்ணீர் இறங்கிக் கல் கழலும், தை மாதம் அங்கே குழி. நாங்கள் மழையைத் திட்டுவோம். குழிக்கு அடித்தளம் போட்டது மேமாத வெயில்.

“மழை செய்யிறது எல்லாருக்கும் தெரியும் பிள்ளை, வெயில் செய்யிறதை ஒருத்தரும் எழுதி வைக்கிறேல்லை” என்றார்.

அவர் இதைச் சும்மா சொல்லவில்லை. 1990க்கு முன்னர், இளைஞராக இருந்தபோது, கொடிகாமப் பக்கம் ரயில் பாதை வேலையில் கூலிக்கு நின்றிருக்கிறார். அந்தக் காலத்தில் தண்டவாளங்களைத் துண்டு துண்டாகப் போட்டு இரும்புப் பட்டையால் பொருத்துவார்கள். ஒரு துண்டுக்கும் மறு துண்டுக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி, ரயில் போகும்போது ‘தடக் தடக்’ என்று கேட்டது அதுதான். புதிதாகச் சேர்ந்த பொடியங்கள் இடைவெளி இல்லாமல் இறுக்கப் பார்த்தால் மேஸ்திரி ஏசுவாராம்: வெயிலுக்கு இடம் விடு. காலையில் தெரிந்த இடைவெளி மத்தியானம் மூடிக் கிடப்பதைத் தன் கண்ணால் பார்த்திருக்கிறார். இரும்பு ஒரு கிலோமீற்றருக்கு, 30 பாகை சூடு ஏறினால், ஏறக்குறைய 35 சென்ரிமீற்றர் நீளும். முக்கால் முழம் மாதிரி. அந்த நீளம் எங்காவது போகத்தான் வேண்டும்.

வடக்குப் பாதைக்கு ஒரு பெரிய கதை இருக்கிறது. 1905இல் காங்கேசன்துறை வரை வந்த பாதை, 1956இல் யாழ்தேவி ரயில் ஓடத் தொடங்கிய பாதை, 1990இல் நின்றது. இந்தியக் கடனுதவியில் இர்கொன் நிறுவனம் மீண்டும் போட்டு, 2014 ஒக்ரோபர் 13ஆம் திகதி ரயில் திரும்ப யாழ்ப்பாணம் வந்தது, 2015 தொடக்கத்தில் காங்கேசன்துறை வரை போனது. மாகோவிலிருந்து ஓமந்தை வரையான 128 கிலோமீற்றரும் புதுப்பித்து 2025 ஏப்ரலில் திறந்தார்கள். ரயில் திரும்ப வந்த நாளில் ஸ்ரேசனுக்குப் போய் நின்ற கூட்டத்தில் நானும் ஒருத்தி, அதனால்தான் இந்தப் பாதையைப் பற்றி இவ்வளவு அக்கறை. இப்போதைய நவீன பாதைகளில் தண்டவாளத்தை நீளமாகப் பற்றவைத்துப் போடுகிறார்கள். அதில் இடைவெளி இல்லை. அதற்குப் பதிலாக, அந்த ஊரின் வெப்பத்துக்கு ஏற்ற ஒரு நடு வெப்பநிலையைத் தெரிந்தெடுத்து, அந்த நிலையில் இழுவிசையும் அமுக்கமும் இல்லாதபடி தண்டவாளத்தைப் பூட்டுவார்கள். கொங்கிரீற்றுக் கட்டையும் பக்கக் கல்லும் மிச்சத்தைப் பிடித்துக்கொள்ளும். அந்தக் கல் குறைந்தாலோ, பூட்டிய அளவைவிட வெயில் மிகவும் கூடினாலோ தண்டவாளம் பாம்பு மாதிரி வளைந்துவிடும். மேஸ்திரி கண்ணால் பார்த்து விட்ட இடத்தை இப்போது கணக்கும் பராமரிப்பும்தான் விட வேண்டும். அதற்கு ஆளும் பணமும் விதியும் வேண்டும்.

வீட்டுக்கு வந்து இரண்டு மூன்று நாள் இதைத்தான் தேடி வாசித்தேன். 2022 ஜூலையில் இங்கிலாந்தில் முதல் முறையாக 40 பாகை தாண்டியபோது, லண்டனிலிருந்து வடக்கே போகும் பெரிய ரயில் பாதையை ஒரு நாள் மூடினார்கள், லூட்டன் விமான ஓடுபாதையின் மேற்பரப்பு சூட்டில் பழுதாகி விமானங்கள் நின்றன. அங்கே தண்டவாளத்தை 27 பாகைக்கு ஏற்றபடி பூட்டியிருக்கிறார்கள், எங்களுக்கு 27 என்பது மார்கழிப் பகல். ஆனால் அவர்கள் செய்கிற சில வேலைகள் எங்களுக்கும் பொருந்தும். சூடு பிடிக்கும் இடங்களில் தண்டவாளத்துக்கு வெள்ளை அடிக்கிறார்கள், 5 முதல் 10 பாகை குறைகிறதாம். தண்டவாளத்தின் சூட்டை அளந்து, ஓர் அளவைத் தாண்டினால் ரயிலின் வேகத்தைக் குறைக்கிறார்கள். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் என்ற பாலைவன நகரம் 2020 முதல் குடியிருப்பு வீதிகளுக்கு வெளிர் நிறப் பூச்சுப் பூசி வருகிறது, மத்தியானத்தில் மேற்பரப்பு 6 பாகை அளவுக்குக் குறைந்திருக்கிறது. கட்டாரில் 2021 முதல், ஜூன் 1 தொடக்கம் செப்ரெம்பர் 15 வரை, காலை 10 மணியிலிருந்து பின்னேரம் 3.30 வரை வெயிலில் வெளிவேலை வாங்கக்கூடாது என்று சட்டம். எங்கள் ஊர்ப் பொடியங்கள் எத்தனை பேர் கட்டாரில் வேலை செய்துவிட்டு வந்திருக்கிறார்கள், அவர்களைக் கேட்டாலே தெரியும்.

இதையெல்லாம் வெளிநாட்டிலிருந்துதான் படிக்க வேண்டும் என்றும் இல்லை. பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்குக் கீழால் போயிருக்கிறீர்களா? தெருவுக்கே கூரை போட்டு, இரண்டு பக்கமும் ஆட்கள் இளைப்பாறத் திண்ணை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். நான் ஒரு மத்தியானம் அங்கே ஸ்கூட்டியை நிறுத்தி இறங்கி நின்றேன், கல்லில் கை வைத்தால் குளிர்ச்சி. சுமைதாங்கியும் மாடுகள் உரசிக்கொள்ளும் ஆவுரோஞ்சிக் கல்லும் கேணியும் தண்ணீர்ப் பந்தலும் அந்தக் காலத்துப் போக்குவரத்து உட்கட்டமைப்புத்தானே. நல்லூர்த் திருவிழா நடக்கும் 25 நாளும் வெளிவீதியில் மணல் பரப்புகிறோம், கால் சுடக்கூடாது, உருண்டு பிரதட்டை செய்கிறவரின் உடம்பு சுடக்கூடாது என்பதற்காக. வெயிலையும் ஒரு கணக்காக வைத்துத்தான் எங்கள் ஆட்கள் தெருவை அமைத்திருக்கிறார்கள். பிறகு வந்த வீதிகளில் அது எங்கோ விடுபட்டுப் போனது.

அரசிடம் நான் கேட்பது இந்த ரயர்க் கடையில் நடப்பதைத்தான். முதலில் அளந்து பார்ப்பது. வளிமண்டலவியல் திணைக்களம் மாவட்டவாரியாக வெப்பச் சுட்டெண் எச்சரிக்கை விடுகிறது, நல்ல வேலை, பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை வெளியே விளையாட விடாமல் இருக்க அது உதவுகிறது. ஆனால் அந்த எண் ஈரப்பதனையும் வெப்பநிலையையும் சேர்த்து மனித உடம்புக்கு எப்படி இருக்கும் என்று சொல்வது. தாருக்கும் தண்டவாளத்துக்கும் ஈரப்பதன் கணக்கில்லை, அவற்றுக்கு நேரடி வெயில்தான் கணக்கு. வல்லை வெளி, ஆனையிறவு, பண்ணைப் பாலம் மாதிரியான நிழலில்லாத இடங்களில் வீதியின் சூட்டை அளக்கும் கருவி வைத்து, அந்த எண்ணையும் அதே எச்சரிக்கையோடு சேர்த்துச் சொன்னால், அன்றைக்குப் பாரவண்டிகளை மத்தியானம் மறித்து மாலையில் விடலாம், ரயிலின் வேகத்தை எந்த இடத்தில் குறைப்பது என்று முடிவெடுக்கலாம்.

அப்புறம் கேள்விப்பத்திரம். வீதி போடுவதற்கு விலை கோரும்போதே எந்தத் தார், எத்தனை பாகை வரை தாங்க வேண்டும் என்று எழுதிவிட்டால் ஒப்பந்தக்காரர் அதைத்தான் போட வேண்டும். சூட்டில் எளிதில் இளகாத, பொலிமர் கலந்த தார் விலை கூடத்தான். வீதி முழுக்க வேண்டாம், பஸ் நிற்கும் இடம், சந்தி, பாரம் மெதுவாக ஏறி இறங்கும் இடம் ஆகியவற்றுக்குப் போடலாம். வல்லை வெளி மாதிரி உவர் நிலத்தில் வேம்பு பிடிக்காது, அங்கே வெளிர் நிறக் கல்லைத் தூவி மேற்பரப்பை வெளுப்பிக்கலாம். மற்ற இடமெல்லாம் மரம். வீதியை அகலிக்கும்போது மரம் வெட்டுகிற செலவு கணக்கில் இருக்கிறது, நடுகிற செலவும் சில வேளை இருக்கிறது, ஆனால் நட்ட கன்றுக்கு மூன்று கோடைக்குத் தண்ணீர் ஊற்றுகிற செலவைக் கணக்கில் எழுதினால்தான் அது மரமாகும். ஒன்பது வருடத்தில் நட்ட கன்றுகளும் பார்த்தேன், கம்பிக் கூட்டுக்குள் காய்ந்த குச்சிகளும் பார்த்தேன். ஐயாவின் வேம்பு 22 பாகையைக் குறைத்ததை என் கையாலேயே அளந்தேன், எந்தத் தாரும் எந்தப் பூச்சும் அவ்வளவு செய்யாது.

வீதியில் வேலை செய்கிறவர்களையும் இதில் சேர்த்துத்தான் சொல்கிறேன். கலவை வந்து இறங்கும்போது 150 பாகைக்குக் கிட்ட இருக்கும், அதன் பக்கத்தில் தலையில் துவாய் கட்டிக்கொண்டு மத்தியானம் ஒரு மணிக்கு நிற்கிற ஆட்களைப் பார்த்தால் வயிறு பதறும். சித்திரை, வைகாசியில் விடிய ஐந்து மணிக்குத் தொடங்கிப் பத்து மணிக்கு நிறுத்தி, பின்னேரம் திரும்பத் தொடங்கலாம். இதைச் சட்டமாக்கச் செலவு ஒன்றும் இல்லை.

2005ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க அனர்த்த முகாமைத்துவச் சட்டத்தையும் எடுத்துப் பார்த்தேன். அனர்த்தம் எவை என்று அதில் ஒரு பட்டியல் உண்டு: மண்சரிவு, சூறாவளி, வெள்ளம், வறட்சி, சுனாமி, மின்னல், எண்ணெய்க் கசிவுகூட இருக்கிறது. சட்டம் வந்தபோது இருந்த அந்தப் பட்டியலில் கடும் வெயில் இல்லை. சுனாமி முடிந்த கையோடு வந்த சட்டம், அப்போது யாருக்கும் வெயில் நினைவுக்கு வராதது நியாயம்தான். இப்போது வர வேண்டும். பட்டியலில் இல்லாத ஒன்றுக்கு யார் பொறுப்பு, எந்தப் பணத்தில் திருத்துவது என்ற கேள்வி ஒவ்வொரு முறையும் புதிதாகத்தான் தொடங்கும். பெரிய வீதி ஒருவரிடம், சின்ன வீதி மாகாணத்திடம், ஒழுங்கை பிரதேச சபையிடம், பாதை ரயில்வேயிடம் என்று பிரிந்து கிடக்கிறது. இவர்கள் எல்லாரும் ஒன்றாக இருக்கும் மாவட்ட ஒருங்கிணைப்புக் குழுக் கூட்டத்தில், பங்குனியிலேயே, மாரிக்கு முன்னர் வெள்ளத்தைப் பற்றிப் பேசுவது போல வெயிலைப் பற்றியும் ஒரு நாள் பேசலாம்.

சரி, கடைக்கு வருகிறேன். குறைகளையும் சொல்ல வேண்டும். ரியூப் இல்லாத ரயர்களுக்கு அவரிடம் பெரிய வசதி இல்லை, ஆணி குத்தினால் அடைத்துத் தருவார், அதற்கு மேல் என்றால் நெல்லியடிக்கோ யாழ்ப்பாணத்துக்கோ போகத்தான் வேண்டும். அட்டை எடுக்கமாட்டார், காசுதான். போன் எடுப்பதும் குறைவு, கையெல்லாம் எண்ணெயாக இருந்தால் அடித்துக்கொண்டே இருக்கும். அவசரக்காரருக்கு இந்த இடம் சரிவராது. லொறிச் சில்லை 12 மணிக்கும் 3 மணிக்கும் நடுவில் தொடவே மாட்டார், சூட்டோடு வந்த பெரிய ரயருக்குக் காற்று அடிப்பது உயிருக்கு ஆபத்து என்று திருப்பி அனுப்புவார், அல்லது நிழலில் கிடத்தி ஆறவிடச் சொல்வார். நான் நின்ற அன்று ஒரு லொறிக்காரர் கத்திவிட்டுப் போனார். ஐயா பதில் பேசாமல் அவருக்கும் ஒரு பேணி தண்ணீர் நீட்டினார், அவர் வாங்கவில்லை. இன்னொன்று, பெண்கள் தனியாகப் போனால் இருக்க நல்ல இடமும் மரியாதையும் உண்டு, ஐயாவின் மனைவி வீட்டிலிருந்து மோர் கொண்டுவந்து தந்தா, கறிவேப்பிலையும் இஞ்சியும் நசுக்கிப் போட்ட மோர்.

அதற்குப் பிறகு மூன்று தரம் போய்விட்டேன். போன கிழமை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஆறு பேரை அவர்களின் பெற்றோரிடம் கேட்டுக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயா வெப்பமானியைக் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றார். பிள்ளைகள் நிழல், வெயில், வெள்ளைக் கோடு, கறுப்புத் தார், மணல், தகரம், கிடுகு என்று ஓடி ஓடி அளந்து கொப்பியில் எழுதினார்கள். வீதியின் நடுவில் அடித்திருக்கும் வெள்ளைக் கோடு பக்கத்துத் தாரைவிடக் குளிராக இருப்பதை ஒரு பிள்ளை தானாகக் கண்டுபிடித்து, “ரீச்சர், அப்ப தண்டவாளத்துக்கு வெள்ளை அடிச்சால்?” என்று கேட்டாள். நான் இன்னும் அந்தப் பாடத்துக்கு வரவே இல்லை. அந்தக் கொப்பியைப் படமெடுத்துப் பிரதேச சபை உறுப்பினர் ஒருவருக்குக் கொடுத்திருக்கிறோம்.

கடை காலை ஆறரைக்குத் திறக்கும், பின்னேரம் ஆறு வரை இருக்கும், வெள்ளிக்கிழமை அரை நாள். அவர் திறக்க முன்னர் போனாலும் கைப்பம்பும் காற்று அளக்கும் கருவியும் வேம்பில் கயிற்றில் கட்டித் தொங்கும், எடுத்து அளந்து அடித்துவிட்டுத் திரும்பக் கட்டிவிட்டுப் போகலாம், காசு கேட்கமாட்டார். ஆனால் கொஞ்சத் தூரம்தான் ஓடியிருக்க வேண்டும். தூரத்திலிருந்து வருகிறவர்கள் வாங்கில் அரை மணித்தியாலம் இருந்து, பானையில் தண்ணீர் குடித்து, ரயர் ஆறினபிறகு அளந்துகொள்ளுங்கள்.